"பழையபடி வருமோ?": மூளைக் காயமுற்ற பிள்ளையும் வைத்தியரின் எதிர்வுகூறலும்

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது கல்லூரி மண்டபத்தில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு மகிழ்ச்சியான பொருள்கள் பல உண்டு. ஆனால் சங்கத்தினர் எங்களைக் கேட்டபோது, "உங்கள் தொழிலிலிருந்து எங்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றே கேட்டார்கள். எங்கள் தொழில் சிறுவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில். இந்த உரையில் "நாங்கள்" என்பது அங்கே ஒன்றாக வேலை செய்யும் வைத்தியரையும் தாதியரையும் குறிக்கும். அங்கே எந்தப் பெரிய முடிவையும் ஒருவர் தனித்து எடுப்பதில்லை.

மூளையில் காயமுற்று நினைவிழந்து கிடக்கும் பிள்ளையின் தாய் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "டொக்டர், பிள்ளை பழையபடி வருமோ?" தகப்பன் கேட்காமல் பக்கத்தில் நிற்பார். அம்மம்மா வெளியே விபூதிச் சரையோடோ செபமாலையோடோ இருப்பார். அந்தக் கேள்விக்கு நாங்கள் எப்படிப் பதில் தேடுகிறோம், அந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய பேச்சு. உங்களில் தாய்மார், அம்மம்மாமார், ஆசிரியைகள், அதிபர்கள் இருக்கிறீர்கள். அந்தப் பதிலின் ஒரு பகுதி உங்கள் கையிலும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதற் காயமும் இரண்டாம் காயமும்

எங்களிடம் வரும் மூளைக் காயங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, அடிபட்ட காயம்: மோட்டார் சைக்கிள் விபத்து, மாமரத்திலிருந்து விழுதல், மாடிப்படி. இரண்டாவது, ஒட்சிசன் கிடைக்காமல் ஏற்படும் காயம்: கிணறு, குளம், கடல், தொண்டையில் ஏதும் அடைத்தல், இதயம் நின்றுபோதல். மூன்றாவது, மூளைக்காய்ச்சல் போன்ற தொற்றுகள். மூன்றிலும் பிள்ளை கண்மூடிக் கிடப்பது ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் அவற்றின் போக்கு ஒன்றல்ல. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை இருபது நாள் கிடந்து எழும்பினது என்ற கதை, அந்தப் பிள்ளைக்கு நடந்தது என்னவென்று தெரியாமல், இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது.

விபத்து நடந்த கணத்திலேயே ஏற்பட்டுவிடும் சேதத்தை முதற் காயம் என்போம். அதை எவராலும் திருப்ப முடியாது. அதன் பிறகு வரும் மணித்தியாலங்களில் மூளை வீங்கும், இரத்த அழுத்தம் விழும், ஒட்சிசன் குறையும், வலிப்பு வரும், சீனி இறங்கும், காய்ச்சல் ஏறும். இவை இரண்டாம் காயத்தை உண்டாக்கும். எங்கள் வேலையின் பெரும்பகுதி இதைத் தடுப்பதே. மண்டையோடு மூடிய பெட்டி. அதற்குள் மூளை வீங்கினால் உள்ளழுத்தம் கூடி, மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். கடுமையான தலைக்காயத்தில் அந்த அழுத்தத்தை 20 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே வைத்திருக்கவே முயல்வோம். தாய் பார்க்கும்போது பிள்ளை "சும்மா நித்திரையாக" இருக்கும். உண்மையில் ஒவ்வொரு மணித்தியாலமும் அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும்.

எதிர்வுகூறல் முதல் நாளில் ஏன் கடினம் என்பதற்கும் இதுவே முதற் காரணம். நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி அல்ல, இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றியே எங்களிடம் கேட்கிறார்கள்.

நாங்கள் எதைப் பார்க்கிறோம்

1974 இல் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் ரீஸ்டேல், பிரயன் ஜெனற் என்னும் இரு நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கண் திறக்கிறதா, பேச்சு எப்படி, கைகால் அசைவு எப்படி என்ற மூன்றையும் பார்த்துப் புள்ளி இடுவது. இன்று நாம் அதை இடும் முறையில் ஆகக்கூடியது 15, ஆகக்குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். உலகெங்கும் இன்றும் இதுவே நடைமுறை. பேசத் தெரியாத குழந்தைக்கு அழுகையையும் கொஞ்சலையும் வைத்துப் புள்ளியிடும் சிறுவர் வடிவமும் உண்டு.

ஆனால் பிள்ளைக்கு நித்திரை மருந்து கொடுத்துச் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் வைத்திருந்தால் அந்தப் புள்ளி மூளையை அளக்கிறதா, மருந்தை அளக்கிறதா? வலிப்பு வந்து முடிந்த களைப்பில் இருந்தால்? உடல் குளிர்ந்திருந்தால்? இவற்றை விலக்கிய பிறகே அந்தப் புள்ளிக்கு நாங்கள் பெறுமதி கொடுப்போம்.

அடுத்து கண்மணி. வெளிச்சம் அடிக்கும்போது அது சுருங்க வேண்டும். இரண்டும் விரிந்து அசையாமல் நிற்பது கெட்ட அறிகுறி. பிறகு சி.ரி. ஸ்கான். இரத்தக்கசிவையும் வீக்கத்தையும் அது விரைவில் காட்டும். ஆனால் நரம்பிழைகள் அறுந்த நுண்ணிய காயத்தையும் ஒட்சிசன் குறைவின் தொடக்கச் சேதத்தையும் அது தவறவிடலாம். அவற்றை எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. இன்னொரு துணை. தொட்டாலோ கூப்பிட்டாலோ அலைகள் மாறுகின்றனவா, நித்திரையின் இயல்பான அலைகள் தெரிகின்றனவா என்று பார்ப்போம். அவை தெரிந்தால் மனம் சற்று இலேசாகும்.

இவற்றில் எந்த ஒன்றும் தனியே போதாது. இதயம் நின்று மீட்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி அமெரிக்க இருதயச் சங்கம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டியும், பல அறிகுறிகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஒரு பரிசோதனையை மட்டும் வைத்து "முடிந்தது" என்று சொல்வதும் தவறு, "பயமில்லை" என்று சொல்வதும் தவறு.

சித்தி வீதமும் ஒரு பிள்ளையும்

எங்களிடம் கணக்குகளும் உண்டு. 1988 இல் அமெரிக்காவில் பிரிஸம் என்னும் புள்ளித்திட்டமும், 1997 இல் மெல்பேண் வைத்தியர்களின் முன்முயற்சியில் பிம் என்னும் புள்ளித்திட்டமும் வந்தன. பிள்ளை வந்து சேர்ந்த நேரத்து இரத்த அழுத்தம், கண்மணி, இரத்தப் பரிசோதனை முதலியவற்றைக் கொண்டு இறக்கும் வாய்ப்பைக் கணிப்பவை. தலைக்காயத்துக்கென்றே 2008 இல் கிராஷ், இம்பாக்ட் என்னும் இரு கணிப்பு முறைகள் வெளிவந்தன. ஆனால் அவை பெரும்பாலும் வளர்ந்தவர்களின் தரவுகளிலிருந்து உருவானவை.

இவை யாருக்குப் பயன்படும்? ஒரு வைத்தியசாலை தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க மிகவும் பயன்படும். ஒரு தாயின் கேள்விக்கு அவ்வளவாகப் பயன்படா. ஆசிரியைகள் இருக்கும் சபையில் இதை விளக்குவது எளிது. ஒரு பாடசாலையில் சாதாரண தரக் கணிதத்தில் நூற்றுக்கு எழுபது பேர் சித்தியடைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது அந்தப் பாடசாலையைப் பற்றிய செய்தி. மூன்றாம் வாங்கில் இருக்கும் பிள்ளை சித்தியடைவாளா என்று அதை வைத்து எவரும் சொல்வதில்லை. அவளுடைய கொப்பியைப் பார்க்க வேண்டும். அவளோடு பேச வேண்டும். அதேபோல, இத்தகைய நூறு பிள்ளைகளில் முப்பது பேர் இறப்பார்கள் என்று கணக்குச் சொன்னால், எந்தப் பிள்ளையும் முப்பது வீதம் இறப்பதில்லை. முப்பது வீடுகளில் பிள்ளை இல்லை, எழுபது வீடுகளில் இருக்கிறது. தாய் கேட்பது தன் வீட்டைப் பற்றி.

ஓரிடத்துக் கணக்கை இன்னோரிடத்துக்கு அப்படியே கொண்டுபோகவும் முடியாது. பிறக்கும்போது ஒட்சிசன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட சிசுக்களை 72 மணித்தியாலம் குளிர்வித்து வைத்தால் இறப்பும் ஊனமும் குறையும் என்று பணக்கார நாடுகளின் ஆய்வுகள் காட்டின. அதே முறையை இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆகிய நாடுகளில் 408 சிசுக்களில் பரிசோதித்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021 இல் வெளியானது. குளிர்வித்த சிசுக்களில் நூற்றுக்கு 42 பேரும், குளிர்விக்காதவர்களில் 31 பேரும் இறந்திருந்தார்கள். அங்கே உதவிய முறை இங்கே உதவவில்லை. பனிக்கட்டி ஏரியில் விழுந்து நெடுநேரம் கழித்து மீட்கப்பட்ட பிள்ளைகள் எழுந்து நடந்த செய்திகளும் அப்படியே. அங்கே கடுங்குளிர் மூளையைக் காத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு அந்தக் குளிர் இல்லை. அந்தச் செய்திகளை நம்பி இங்கே ஒரு தாய்க்கு வாக்குக் கொடுக்க முடியாது.

எதிர்வுகூறலே காரணமாகிவிடும் ஆபத்து

இதில் நாங்கள் மிகவும் பயப்படும் ஒன்று உண்டு. இந்த வகைக் காயத்தில் பிள்ளை தப்பாது என்று எல்லா வைத்தியர்களும் நம்பினால், சிகிச்சையைக் கடைசிவரை கொண்டுபோக மாட்டார்கள். சிகிச்சை குறைந்தால் பிள்ளை இறக்கும். இறந்த பிறகு, "பார்த்தீர்களா, தப்பாது என்று சொன்னோம்" என்பார்கள். அந்த இறப்பும் கணக்கில் ஏறி, அடுத்த பிள்ளைக்கு ஆதாரமாகும். எதிர்வுகூறல் தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும். இதனாலேயே ஒட்சிசன் குறைந்து காயமுற்ற மூளையைப் பற்றி, மிகத் தெளிவான நிலை தவிர, முதல் மூன்று நாட்களுக்குள் முடிவான சொல் சொல்லாதிருக்க முயல்கிறோம். மருந்துகள் உடம்பை விட்டுப் போகவும் காலம் கொடுக்கிறோம்.

மறுபக்கமும் உண்டு. நம்பிக்கை தரவேண்டும் என்பதற்காக "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொன்னால், குடும்பம் நகையையும் காணியையும் விற்றுப் பிள்ளையை ஊர் ஊராகக் கொண்டு திரியும். கடைசி நாட்களைப் பிள்ளையின் கையைப் பிடித்தபடி இருந்து கழிக்கும் வாய்ப்பையும் இழக்கும். பொய் நம்பிக்கையும் ஒரு காயந்தான்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். மூளைச்சாவு என்பது எதிர்வுகூறல் அல்ல. மூளை முழுவதும் செயலிழந்துவிட்டது, அது இனித் திரும்பாது என்பதை, வரையறுத்த பரிசோதனைகளை ஒன்றுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் செய்து உறுதிப்படுத்தும் நிலை அது. ஆழ்ந்த நினைவிழப்பு வேறு. கண் திறந்திருந்தும் சுற்றுப்புறம் பற்றிய உணர்வு தெரியாத நிலை வேறு. 1972 இல் ஜெனற்றும் பிரெட் பிளமும் விவரித்துப் பெயரிட்டது இந்த மூன்றாவது நிலையை. "மூளை செத்துப்போச்சாம்" என்று ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும்போது இந்த மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. சந்தேகம் இருந்தால் வைத்தியரிடம், "நீங்கள் சொல்வது மூன்றில் எது?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

எப்படிச் சொல்கிறோம்

நாங்கள் சாத்திரம் சொல்பவர்கள் அல்லர். ஆனால் "தெரியாது" என்ற ஒரு சொல்லோடு எழுந்து போகவும் எங்களுக்கு உரிமையில்லை. ஆகவே தாயையும் தகப்பனையும் ஒன்றாக இருத்தி, நடைபாதையில் அல்ல, ஓர் அறைக்குள், அவர்களுடைய மொழியில் பேசவேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. குடும்பத்தில் முடிவெடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால் அவரையும் கூப்பிடுவோம். நான்கு விடயங்களைச் சொல்வோம். இன்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது எது. எதற்குப் பயப்படுகிறோம். எதை எதிர்பார்க்கிறோம். அடுத்து எப்போது, எதைப் பார்த்த பிறகு, கூடுதலாகச் சொல்ல முடியும்.

அந்த நான்காவது விடயந்தான் தாய்மாரைத் தாங்கிப்பிடிக்கிறது. "வியாழக்கிழமை மருந்தைக் குறைத்துப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை மத்தியானம் மீண்டும் இருந்து கதைப்போம்" என்றால், அவர்களால் அந்த வெள்ளிக்கிழமை வரை மூச்சுவிட முடிகிறது. நிலை மோசமாக இருக்கும்போதும் இதே முறைதான். இத்தனை நாள் முழுச் சிகிச்சையும் கொடுப்போம், அதன் பிறகு பிள்ளைக்கு எது நல்லது என்று சேர்ந்து யோசிப்போம் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்வோம். சில வேளைகளில் அந்த நாளில் நாங்கள் சொல்ல வேண்டியது மிகக் கடினமானதாக இருக்கும். அப்போதும் அந்தச் சொல் திடீரென்று விழுவதில்லை.

நேர்த்தி வைத்திருக்கிறோம், நூல் கட்டலாமா என்று கேட்பார்கள். குழாய்களுக்கு இடைஞ்சலில்லாத இடத்தில் கட்டுங்கள் என்போம். பிள்ளையோடு பேசுங்கள், வழக்கமாகக் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றும் சொல்வோம். பல வேளைகளில் பிள்ளையின் முதல் மாற்றத்தைக் கண்டு தாதியிடம் சொல்வது தாய்தான்.

"சின்னப் பிள்ளைதானே"

இப்போது உங்கள் கையிலுள்ள பகுதிக்கு வருகிறோம். 1975 இல் ஜெனற்றும் மைக்கல் பொண்டும் காயத்தின் இறுதி விளைவை ஐந்து படிகளாக வகுத்தார்கள். இறப்பில் தொடங்கி "நல்ல மீட்சி"யில் முடிவது அது. ஆய்வுகளில் எங்களுடைய பெறுபேறு பெரும்பாலும் இத்தகைய படிகளில்தான் எழுதப்படுகிறது. ஆனால் தாய் "பழையபடி" என்று சொன்னது அந்தப் படிகளில் முழுமையாக அகப்படாது. நாற்பது நிமிடப் பாடத்தில் கவனம் நிற்குமா, தோழிகளோடு சண்டை பிடிக்காமல் விளையாடுமா, கரும்பலகையிலிருந்து எழுதி முடிக்குமா என்று அந்தப் படிகள் கேட்பதில்லை.

"சின்னப் பிள்ளைதானே, கெதியாய் மாறிவிடும்" என்று எல்லோரும் சொல்வோம். இளம் மூளை காயத்திலிருந்து எளிதில் மீளும் என்ற எண்ணம் 1930களில் மார்கரெட் கெனாட் குரங்குகளில் செய்த ஆய்வுகளிலிருந்து வலுப்பெற்றது. மூளை முழுவதும் பரவிய கடுமையான காயத்தில் இது பெரும்பாலும் உண்மையல்ல என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகச் சிறுவயதில் காயமுற்ற பிள்ளை இன்னும் கற்காத திறன்களையும் அந்தக் காயத்தோடுதான் கற்க வேண்டும். முதலாம் தரத்தில் பாட்டும் படமுமாக இருக்கும்போது குறை தெரியாது. ஆறாம் தரத்தில் பாடங்கள் பெருகி, தானே திட்டமிட்டுப் படிக்கவேண்டி வரும்போது தடுமாறும். அதற்குள் விபத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். பிள்ளைக்குச் "சோம்பேறி", "குழப்படி" என்ற பெயர் வந்துவிடும்.

ஆகவே ஆசிரியைகளாயும் அதிபர்களாயும் இருக்கும் எங்கள் சகோதரிகளிடம் சில வேண்டுகோள்கள். தலைக்காயத்தின் பின் வரும் பிள்ளையை முதலில் அரைநாள் வர விடுங்கள். களைப்பும் தலையிடியும் உண்மையானவை, நடிப்பல்ல. முன்வாங்கில், ஜன்னலுக்கும் சத்தத்துக்கும் தூரத்தில் இருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். வைத்தியர் அனுமதிக்கும் வரை தலையில் அடிபடக்கூடிய விளையாட்டுக்கு விடாதீர்கள். விபத்தைப் பற்றிய குறிப்பு பிள்ளையின் கோவையில் இருக்கட்டும். வகுப்பேறும்போது அடுத்த ஆசிரியைக்கும் அது போகட்டும். பொதுப் பரீட்சைகளில் மேலதிக நேரம் தேவைப்பட்டால் வைத்திய அறிக்கையோடு நேரகாலத்தோடு விண்ணப்பியுங்கள். தாய்மாரே, இயன்மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோரின் கிளினிக்குகளை, "இப்ப நடக்கிறான்தானே" என்று இடையில் விட்டுவிடாதீர்கள்.

வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகள், "நாங்கள் என்ன அனுப்பலாம்?" என்று கேட்கிறீர்கள். விலை உயர்ந்த இயந்திரத்துக்கு முன், ஊரில் கட்டில்லாத கிணறு ஒன்றுக்குக் கட்டும் மூடியும் போட உதவுங்கள். பிள்ளையை ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிளில் பிள்ளையின் தலைக்குப் பொருந்தும் தலைக்கவசம் இருக்கச் செய்யுங்கள். தகப்பன் தலைக்கவசத்தோடும் முன்னால் இருக்கும் பிள்ளை வெறுந்தலையோடும் பாடசாலை வாசலுக்கு வருவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அந்த வாசலிலேயே நின்று அன்பாகச் சொல்லக்கூடியவர்களும் நீங்கள்தான். தடுத்த விபத்துக்கு எதிர்வுகூறல் தேவையில்லை.

எங்கள் கல்லூரி நூறு ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பொறுப்பேற்று வந்திருக்கிறது. சேர்க்கும் நாளில் எந்தப் பிள்ளை எப்படி வருவாள் என்று எங்கள் ஆசிரியைகள் எவரும் சொன்னதில்லை. ஒவ்வொரு தவணையும் பார்த்து, எழுதி, திருத்தி, தாயைக் கூப்பிட்டுப் பேசினார்கள். காயமுற்ற பிள்ளையின் கட்டிலருகே நாங்கள் செய்ய முயல்வதும் அதுவே. அங்கிருந்து எழுந்து உங்கள் வகுப்பறைக்கு வரும் பிள்ளைகளை நீங்களும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.